கடைசியாக மூடிய கை

"அண்ணி, மீன் மேலே வந்து வாயப் பொளக்குது" என்றாள் போனில். ஃபில்டர் மூடி கசியுது, நிறுத்திட்டேன் என்றும் சொன்னாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஊசியோடு மெஷினிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். என் தம்பி போன பிறகு அவன் மனைவி தானாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் பேசமாட்டாள், நான் வாயை மூடமாட்டேன். ஆனால் அந்த மீன் தம்பி வளர்த்தது. விரல் நீளத்தில் வாங்கிவந்து, இன்று இரண்டு கை சேர்த்தாலும் அடங்காத ஆஸ்கர் மீன். அவன் வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கூடவே நகரும். அதையும் சாகவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் அவன் என்று சொல்ல என்ன இருக்கிறது?

போய்ப் பார்த்தால் தொட்டிக்குக் கீழே அலமாரி முழுக்க ஈரத்துணி. உள்ளே வாளி மாதிரி நிற்கிற ஃபில்டரைச் சுற்றி டேப், அதன்மேல் பசை, அதற்கும் மேல் இன்னொரு டேப். மூடியின் விளிம்பில் தண்ணீர் கசிந்து பிளக் பாயின்ட் பக்கம் போய்விட்டதாம், பயந்து நிறுத்தியிருக்கிறாள். ஃபில்டர் நின்றால் தண்ணீர் அசையாது, தண்ணீர் அசையாவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, புரையோடின புண்ணுக்குப் புனுகு தடவுற கதையா வெளியவே ஒட்டிக்கிட்டிருந்தா எப்படி? தொறந்து பாக்க வேணாமா?"

"தொறக்க வேணாம் அண்ணி. அவரு மூடுனது."

கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த ஃபில்டரைத் தம்பி யாரையும் தொடவிடமாட்டான். கழுவி மூடிவிட்டு விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பான், பிறகு இன்னொரு சுற்று. அவன் விரல் பட்ட கடைசி இடம் அது. அதைப் பிரிக்க எனக்கு மட்டும் ஆசையா? ஆனால் மேலே அந்த மீன் காற்றைக் கடித்துக் கடித்து விழுங்கிக்கொண்டிருந்தது. "அவன் மூடுனதுன்னு கும்பிட்டுக்கிட்டிருந்தா அவன் வளர்த்தது செத்துப்போகும். நகரு" என்றேன். கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

டேப்பைக் கத்தரியால் கிழித்தேன். குழாய்களை அடைத்துக் கழற்றி, வாளியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் நான்கு கொக்கிகளையும் நெம்பினேன். மூடி வந்ததும் குளத்துச் சேற்று வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே இருந்த பஞ்சை எடுத்துக் குழாய்க்கு அடியில் நீட்டப் போனேன். அவள் பாய்ந்து என் கையைப் பிடித்தாள். "குழாத் தண்ணி ஆகாது அண்ணி, அதுல மருந்து இருக்கும். பஞ்சுல இருக்கிற நல்ல கிருமி செத்துடும். தொட்டித் தண்ணியிலதான் அலசணும்." சொல்லிவிட்டு அவளே ஒரு பக்கெட்டில் தொட்டித் தண்ணீரை எடுத்துவந்து அலசினாள். அழுத்திப் பிழியாமல், பிள்ளைக்குத் தலை துவட்டுகிற பதத்தில். பார்த்துத் தெரிந்துகொண்ட கை மாதிரி இல்லை. செய்து பழகிய கை.

நான் மூடியைத் திருப்பி, அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தேன். உப்பிப்போய், பள்ளத்தில் அடங்காமல் ஒரு இடத்தில் புழு மாதிரி வெளியே பிதுங்கியிருந்தது. தையல் மெஷின் பெல்ட்டில் எண்ணெய் பட்டால் இப்படித்தான் ஊறிக் கெட்டுப்போகும், எனக்குத் தெரியாதா? முகர்ந்து பார்த்தேன். வலித்தைலம். ரப்பரில் எண்ணெய் படவே கூடாது என்று என் மெஷினுக்கே பாடம் நடத்துகிறவன் என் தம்பி.

"இது அவன் மூடுனது இல்லையே" என்றேன்.

பஞ்சைக் கீழே வைத்தாள். "அவருக்கு வெரல் மடங்கல அண்ணி. கொக்கிய அழுத்த முடியல. பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல நான்தான் மூடுனேன். டார்ச்சையாவது பிடிங்கன்னேன், அதுவும் ஆடிச்சு. வளையத்துக்குன்னே இருக்கிற சிலிக்கான் கிரீஸ் தீந்துபோச்சு. அவரு கைக்குத் தேச்சுவிட்ட தைலம் என் கையில இருந்துச்சு. வழவழன்னுதானே இருக்குன்னு அதையே தடவிட்டேன். அவருக்குச் சொல்லல."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல? கை போனத?"

"அக்காவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சுபோயிடும், நீ வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீங்களும் கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தீங்க. அது அப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன்."

அந்த நாட்களில் தம்பி தன் சட்டைகளைக் கொண்டுவந்து சின்னதாக்கிக் கொடு என்பான். உடம்பைக் குறைக்கிறேன் அக்கா என்பான். மாப்பிள்ளை ஆகப் போறியாடா என்று கேலி பண்ணிக்கொண்டே தோளிலும் இடுப்பிலும் பிடித்துத் தைத்தேன். பாவி! டேப் வைத்து அளந்த எனக்குத் தெரியவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான், என்னிடம் காட்டாத கையை இவளிடம் காட்டியிருக்கிறான். வயிறு எரிந்தது. அடுத்த நொடியே, இத்தனை நாள் அதை ஒற்றை ஆளாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, நான் பேசிய பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாளே என்று அதைவிட அதிகமாக எரிந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, மூடி கசிகிறது என்று அவள் சொன்னதால் வரும் வழியில் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய புது வளையத்தையும் கிரீஸையும் பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன். "நீயே போடு" என்றேன்.

கிரீஸை நுனிவிரலில் தொட்டு வளையம் முழுக்கத் தடவினாள். பள்ளத்தில் உட்காரவைத்து, விரலால் ஒரு சுற்று வந்தாள், பிறகு இன்னொரு சுற்று. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். எதிரெதிர்க் கொக்கிகளை ஒரே சமயத்தில் அழுத்த வேண்டுமாம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தொட்டிக்கு அடியில் கொண்டுபோய்க் குழாய்களை மாட்டிச் சுவிட்சைப் போட்டோம். களக் களக் என்று காற்றைக் கக்கிவிட்டு மோட்டார் ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. தண்ணீர் புரள்கிற சத்தம் மேலே கேட்டது. மீனைப் போய்ப் பார்க்க இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை. அலமாரிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அவள் உள்ளங்கையை மூடியின் விளிம்புக்கு அடியில் வைத்துக் காத்திருந்தாள். பிறகு வெளியே எடுத்து என்னிடம் காட்டினாள். ஈரமாக இருந்தது.

"கசியுதா அண்ணி? இல்ல, என் கை ஈரமா?"

"தொடச்சிட்டு மறுபடி வச்சுப் பாரு."

சுற்றிலும் பார்த்தாள். துணியெல்லாம் நனைந்து கிடந்தது. என் முந்தானையை இழுத்து, ஒவ்வொரு விரலாக அழுத்தித் துடைத்துக்கொண்டு, கையை மறுபடி உள்ளே நீட்டினாள்.