ஈரமில்லாத கை

ஜாஹிரா மறுபடியும் எழுந்து ஃபேனைக் கூட்டிவைத்தாள். உட்கார்ந்தாள். நூற்றுப் பதினேழாம் சீட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

ஏசுதாஸ் சார் தத்துவப் பேராசிரியர். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவளுடைய ஜெராக்ஸ் கடையில்தான் ஆறு வருடமாக எழுதியதையெல்லாம் டைப் செய்யக் கொடுத்தார். பேனா மையில் இருப்பதை அடிக்க வேண்டும். பென்சிலில் இருப்பது அவர் தன்னையே கேட்டுக்கொண்டது, அடிக்கக் கூடாது. அதுதான் ஏற்பாடு.

ஜனவரியில் இறந்துபோனார். மனம் பற்றித் துண்டுச் சீட்டுகளில் எழுதிவைத்திருந்ததைப் பதிப்பகம் கேட்டது. இன்று நாலு மணிக்கு ஆள் வருகிறார்.

நூற்றுப் பதினேழு:

'கணினி முன் ஒரு பெண். கணவன் வாராவாரம் வெளிநாட்டிலிருந்து பேசுவதாகச் சொல்கிறாள். போன் அடித்தால் உடனே எடுப்பதில்லை. கையைத் துடைத்துக்கொள்கிறாள். கை ஈரமாக இல்லை. அவள் மனம் உள்ளே எங்கோ இல்லை. அந்தக் கையில் இருக்கிறது.'

ஓரத்தில் பென்சிலில்: 'எதிர்பார்ப்பா, பயமா? அவளிடம் கேட்க வேண்டும்.'

அவள் கணவன் காசிம் பேசி எட்டு மாதம் ஆகிறது. தெருவில் யாருக்கும் தெரியாது. இந்த ஊரில் தமிழ் டைப்பிங் செய்யும் பெண் அவள் ஒருத்திதான்.

நூற்றுப் பதினெட்டு 'அந்தக் கை' என்று தொடங்கியது. அடுத்ததிலும் கை. அடித்தாள், அழித்தாள்.

சாலவாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி சாரின் மனைவி ஷாரோன் வந்தார்.

"இன்னா ஜாஹிரா, ஆச்சா?"

"ஒண்ணு இடிக்குதுக்கா."

"நூத்திப் பதினேழா?"

ஜாஹிரா நிமிர்ந்தாள்.

"படிச்சேன். மத்தது ஒரு மண்ணும் புரியல. இது புரிஞ்சுது." ஷாரோன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "முப்பது வருசம் என் மூஞ்ச நேரா பாத்ததில்ல அந்த மனுசன். இங்க குந்திக்கினு உன் கையப் பாத்துக்கீறாரு."

"பேரு போடலக்கா."

"அது வேற போடணுமா? தூக்கிடு. பாதி யோசனையில போய்ட்டாரு. ஒரு சீட்டு கொறைஞ்சா புக்குக்கு இன்னா ஆயிடும்?"

"பின்னாடி பதினோரு சீட்டு நிக்காது. மத்ததுல எல்லாம் யாரோ சொன்னத வெச்சுப் பேசறாரு. இது ஒண்ணுதான் அவரே பாத்தது."

"அதுக்கு உன் மானம் போவணுமா?"

போன் அடித்தது.

இருவரும் அவள் கையைப் பார்த்தார்கள். அது துப்பட்டாவின் மேல் இருந்தது.

எடுத்தாள். கடை திறந்திருக்கிறதா என்று யாரோ கேட்டார். திறந்திருக்கிறது என்றாள்.

பிறகு மேசை டிராயரில் பென்சிலைத் தேடினாள். சாரின் கேள்விக்குக் கீழே ஒரே சொல் எழுதினாள்: 'பயம்.' சீட்டைக் கணினிப் பக்கத்திலிருந்த காகித ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினாள்.

ஷாரோன் எட்டிப் பார்த்தார்.

"நீ எழுதுனதையும் அடிப்பியா?"

"பென்சில் அடிக்கக் கூடாதுக்கா."