மூன்று இடங்களில் மட்டும் நீலம்

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டு ஊரான ரெக்ஸ்டேலில் தியாகலிங்கம் நடத்திய பட்டறையில் இரண்டே பேர்தான் வேலை செய்தார்கள்: அவரும் அவர் மனைவி பாலேஸ்வரியின் தம்பி ஸ்ரீதரனும். கதவைத் திறந்தால் எண்ணெய் மணம், இரண்டு லேத் கடைசல் இயந்திரங்கள், சுவரோரம் இரும்புத் தண்டுகள். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த இடத்தில் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஸ்ரீதரன் அதிகம் பேசமாட்டான். பேசினால் அத்தானிடம்தான் பேசுவான்.

மாசிக் குளிரில் ஒருநாள் அவன் லேத்தை நிறுத்திவிட்டு வந்து, தன் மனைவி நிலாணி தாய்வீட்டோடு போய்விட்டாள் என்றான். அஜின்கோர்ட்டில் இருக்கிறாளாம், திரும்பி வருவாளோ தெரியாதாம்.

"அக்காவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ, அத்தான். அவ அழுவா. நான் ஆறுதலாச் சொல்லுறன்."

"ஓமடா, நான் ஏன் சொல்லப்போறன்" என்றார் தியாகலிங்கம். சொல்லவும் இல்லை.

அடுத்த கிழமை, பம்ப் செய்யும் கொம்பனி ஒன்றிலிருந்து வெண்கலப் புஷ்களுக்கு ஓடர் வந்தது. சுழலும் தண்டைத் தாங்குகிற வளையங்கள் அவை. சுவர் மிக மெல்லியது. ஸ்ரீதரன் வரைபடத்தைப் பார்த்த உடனேயே தலையை ஆட்டினான்.

"உதுக்கு எங்கடை மூண்டு தாடைச் சக் சரிவராது, அத்தான். மூண்டு இடத்திலை கவ்வினால் நசியும். ஆறு தாடை உள்ளதொண்டு எடுப்பம்."

சக்தான் லேத்தின் கை. தாடைகளால் உலோகத்தைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுவது அதுதான். பட்டறை தொடங்கிய நாளில் வாங்கிய சக்கைத் தியாகலிங்கம் தன் சொந்தக் கையைப்போலவே நம்பினார்.

"இத்தனை வருசம் இது பிடிக்காததோ?"

"அப்ப இதையாவது கழட்டிக் கழுவுறன். உள்ளுக்குத் தூள் அடைஞ்சு கிடக்கு. சக்கை இறுக்கிற சாவியைத் திருப்பேக்கை எவ்வளவு இறுகுதெண்டு கையுக்குத் தெரியுதில்லை."

"முதல்லை சாமானை அனுப்புவம். பிறகு கழுவலாம்."

ஸ்ரீதரன் போய்ப் பழைய சக்கிலேயே கடையத் தொடங்கினான். கடைந்து முடித்த ஒவ்வொரு புஷ்ஷையும் தியாகலிங்கமே மைக்ரோமீட்டரால் அளந்தார். எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் ஒரே அளவு. மனநிறைவோடு அனுப்பிவைத்தார்.

பெட்டி அப்படியே திரும்பி வந்தது. கொம்பனி ஆள் டொமினிக் அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். தண்டு உள்ளே போகவில்லை, எல்லாம் கழிவு என்றான். தியாகலிங்கம் அவன் எதிரிலேயே ஒன்றை எடுத்து அளந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் ஏன் போகவில்லை என்று டொமினிக் கேட்டான். தெரியவில்லை என்று தியாகலிங்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு. பின்னால் ஸ்ரீதரன் நிற்கிறான் என்று தெரிந்துகொண்டே அவர் ஆங்கிலத்தில் சொன்னார்:

"இவனுடைய கவனக்குறைவுதான். இவன் மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து இவனுக்கு வேலையில் மனமில்லை."

டொமினிக் சங்கடத்தோடு பார்வையைத் திருப்பினான். ஸ்ரீதரன் கையுறைகளைக் கழற்றி லேத்தின்மேல் வைத்தான். குளிர் அங்கியைப் போட்டான்.

"போட்டு வாறன், அத்தான்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் அவன் வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. பட்டறையில் தனியாக நின்ற தியாகலிங்கம், வேறு வழி தெரியாமல், எங்கே முட்டுகிறது என்று அறிய ஒரு தண்டில் நீலச் சாயத்தை மெல்லப் பூசிப் புஷ்ஷுக்குள் செருகிப் பார்த்தார். அது பாதியில் நின்றது. வெளியே இழுத்துப் பார்த்தால், உட்சுவரில் மூன்று இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது. தாடைகள் கவ்விய இடங்களுக்கு நடுவே, மூன்றே மூன்று இடங்கள். இறுக்கிப் பிடித்திருந்தபோது வட்டமாக இருந்த துளை, பிடியை விட்டதும் கோணிப்போயிருக்கிறது. ஒரு பக்கம் மேடு என்றால் எதிர்ப்பக்கம் பள்ளம்; எதிரெதிர் பக்கத்தை மட்டும் அளக்கிற மைக்ரோமீட்டருக்கு அந்தக் கோணல் தெரியவே இல்லை.

பிறகு சக்கைக் கழற்றினார். தாடைகளை ஒவ்வொன்றாக உருவி, பின்தட்டைத் திறந்தபோது, பழைய கிரீஸும் வெண்கலத் தூளும் சேர்ந்து களிமண்ணாக இறுகிக் கிடந்தன. தூரிகையும் மண்ணெண்ணெயுமாகப் பின்னேரம்வரை கழுவினார். புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டித் திருப்பினார். சாவி இரண்டு விரலுக்கு இணங்கிச் சுழன்றது. ஸ்ரீதரன் கேட்டது இதைத்தான்.

வீட்டில் பாலேஸ்வரியிடம் மறைக்க முடியவில்லை; தம்பி ஏன் வேலைக்குப் போகவில்லை என்று அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை.

"எனக்கே சொல்லாததை அவன் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறான். நீங்கள் அதை ஆருக்குப் போய்ச் சொன்னனீங்கள்?"

சனிக்கிழமை அவர் ஸ்காபரோவில் மைத்துனன் வீட்டுக்குப் போனார். ஸ்ரீதரன் கதவைத் திறந்து, "வாங்கோ அத்தான்" என்று உட்காரவைத்துத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான். தியாகலிங்கம் நீலச் சாயத்தைப் பற்றிச் சொன்னார், சக்கைக் கழுவியதைச் சொன்னார், ஆறு தாடைச் சக்குக்குச் சொல்லிவிட்டதையும் சொன்னார்.

"பிழை முழுக்க என்னிலைதான். டொமினிக்கிட்டையும் சொல்லிப்போடுறன். நீ திரும்பி வா, தம்பி."

"புஷ் பிழைச்சால் வேறை கடையலாம், அத்தான். எனக்கு அதிலை கோவமில்லை." ஸ்ரீதரன் அவர் கோப்பையை அருகே நகர்த்திவிட்டுச் சொன்னான்: "வேறை இடத்திலை வேலை கிடைச்சிட்டுது. திங்கள் துடங்கிறன்."

தியாகலிங்கம் சொன்னபடியே செய்தார். ஆறு தாடைச் சக் வந்ததும் புதுப் புஷ்களைக் கடைந்து, தானே கொண்டுபோய்க் கொடுத்து, முதல் முறை நடந்தது தன்னுடைய தவறு, சக்கைத் தவறாகத் தேர்ந்தது தான்தான் என்று டொமினிக்கிடம் விளக்கினார். டொமினிக் பெட்டியைத் திறந்து, தண்டைச் செருகிப் பார்த்துவிட்டு, நல்லது என்றான். எந்தச் சக், எந்தத் தவறு என்பதெல்லாம் அவனுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் வாசல்வரை கூட வந்தவன் அக்கறையோடு கேட்டான்:

"உங்களோடு ஒருவர் இருந்தாரே, மனைவி விட்டுவிட்டுப் போனவர். அவர் எப்படி இருக்கிறார்?"

சுகமாக இருக்கிறார் என்று தியாகலிங்கம் ஒருவாறு சொல்லிவிட்டுப் பனி மூடிய தன் வான் வண்டிக்கு நடந்தார். சாவியைப் போட்ட பிறகும் வெகுநேரம் அதைத் திருப்பாமல் இருந்தார்.

ஸ்ரீதரன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வருகிறான். அத்தானைக் கண்டால் எழுந்து நின்று சுகம் கேட்பான். பனியைப் பற்றியும் பெருந்தெரு நெரிசலைப் பற்றியும் கதைப்பான். நிலாணி திரும்பி வந்தாளா இல்லையா என்று தியாகலிங்கத்துக்குத் தெரியாது. பாலேஸ்வரிக்குத் தெரிந்திருக்கும், அவளும் சொல்வதில்லை, கேட்க அவருக்கும் வாய் வருவதில்லை.