யாருக்குச் சொன்ன ரைட்?

பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கிய மறுநாளே உலகம் என் குரலுக்காக ஏங்கத் தொடங்கிவிட்டது. ஜப்பான்காரன் காத்திருந்தான், பிரேசில்காரன் சாப்பிடாமல் இருந்தான். பேசுவதற்கு என்னிடம் ரேடியோப் பெட்டிதான் இல்லை.

என்னோடு சேர்ந்து பாஸானவர் வெள்ளைச்சாமி. புதுக்கோட்டை-மணமேல்குடி தடத்தில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் என்னை நாகராசு என்று கூப்பிட்டதில்லை. கண்டக்டரே என்பார். நானும் டிரைவரே என்பேன். எங்கள் பஸ்ஸில் ஏறியவர்களைக் கைகோத்து நிற்கச் சொன்னால் பூமியை நாலு சுற்று சுற்றலாம். இத்தனை பேரோடு பேசிய வாய் ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குள் சும்மா இருக்குமா? அதனால்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. புதுப்பெட்டி எங்கள் பென்ஷனுக்கு எட்டாது. பழையது கிடைத்தால்தான் உண்டு.

கிடைத்தது. திருமயம் பக்கத்து ஊரில் சேதுலட்சுமி ஆச்சி வீட்டில் இரண்டு பெட்டிகள். ஆச்சியின் கணவர் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டு மாடியிலிருந்து ஊர் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தவர். நாங்கள் போய் நின்றதும் ஆச்சி உட்காரக்கூடச் சொல்லாமல் நிபந்தனையைச் சொல்லிவிட்டார்.

"போன வருஷம் ஒரு பெட்டிய எங்க ஒறவுக்காரப் பய கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டுப் போனான். இப்ப அது ஷோகேஸ்ல பொம்மையோட பொம்மையா இருக்கு. இனிமே அப்பிடிக் குடுக்க மாட்டேன். இங்கன வச்சுப் பேசிக் காட்டுங்க. வெளியூர்லேர்ந்து ஒரு ஆளு பதில் சொல்லணும். சொன்னா, ரெண்டுல ஒன்னு ஒங்களுக்கு. திருச்சியிலேர்ந்து ஒருத்தர் கார்ல கெளம்பிட்டாரு. அவர் வந்து சேர்றதுக்குள்ள பேசலைன்னா ரெண்டும் அவருக்குத்தான்."

"எங்க வாராராம் ஆச்சி?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் போன் பண்ணுனாரு. மாத்தூர் தாண்டிட்டாராம்."

விரல்விட்டு எண்ணினேன். மாத்தூர், கீரனூர், புதுக்கோட்டை, திருமயம். அந்த ரோட்டிலும் டிக்கெட் கிழித்திருக்கிறேன். எந்த ஸ்டேஜிலிருந்து எந்த ஸ்டேஜுக்கு எவ்வளவு நேரம் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு அந்த அறிவு எனக்கு இல்லாமல் இருந்திருக்கலாம்.

மேசைமேல் இரண்டு பெட்டிகள். ஒன்று பெரியது, நூறு வாட். தூக்கினால் கன்றுக்குட்டி கனம். அதற்கு மின்சாரம் தர இன்னொரு இரும்புப் பெட்டி தனியாக. மற்றது டிபன் பாக்ஸ் அளவு, ஐந்து வாட். பேட்டரியில் ஓடும். பார்த்த கணத்திலேயே எனக்குச் சின்னதுதான் பிடித்துவிட்டது. ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு திருவரங்குளம் கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்து அமெரிக்காவோடு பேசலாம்.

"அஞ்சு வாட்டா? சைக்கிள் டைனமோ மாதிரியில்ல இருக்கு" என்றார் வெள்ளைச்சாமி. அவர் கை ஏற்கெனவே பெரிய பெட்டியின் திருகுமேல் போய்விட்டது. "இழுவை வேணும்யா. மேட்டுல ஏறணும்ல?"

"கடலோரத்து ரோட்ல ஏதுய்யா மேடு?"

"காத்துல மேடு இருக்கும்யா, ஒனக்குத் தெரியாது."

விவாதிக்க நேரமில்லை. நிச்சயமாகப் பேச வேண்டுமென்றால் நூறு வாட்டே சரி என்று நான் விட்டுக்கொடுத்தேன். வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் மொட்டைமாடிக்குப் போய்க் கம்பி கட்ட வேண்டும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் செம்புக்கம்பி, அதுதான் ஏரியல். நடுவிலிருந்து ஒரு கேபிள் கீழே பெட்டிக்கு இறங்கும். வெள்ளைச்சாமி கீழே மைக்கோடு உட்கார்ந்து, நான் சொன்ன பிறகு பொத்தானை அமுக்கிப் பேச வேண்டும். அமுக்கினால்தான் கம்பியில் சக்தி ஏறும்.

மாடி வெயிலில் கால் வைத்தேன். உள்ளங்காலில் அப்பளம் பொரிந்தது. கம்பியின் ஒரு முனையைப் பின்பக்க வேப்பமரத்துக்கு நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். மற்ற முனைக்கு மரமில்லை. செட்டிநாட்டு வீட்டுக்கு நடுவே முற்றம் இருக்கும். குரங்கு இறங்காமலிருக்க அதன்மேல் இரும்புக் கிரில் போட்டிருந்தார்கள். கிரில் உறுதியாக இருந்தது. கம்பி முனையை அதில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கீழே முற்றத்தில் ஆச்சி மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, இங்கன கட்டிக்கவா?"

"கட்டிக்கங்க. எங்கிட்டாச்சும் கட்டிச் சீக்கிரம் பேசுங்க. அவரு கீரனூர் தாண்டிட்டாராம்."

"ரைட்" என்றேன்.

அவ்வளவுதான். கிரில்லுக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த என் ஆள்காட்டி விரலில் ஆயிரம் தேள் ஒன்றாகக் கொட்டின. நான் குதித்த குதியில் திருமயம் கோட்டைக்கு அந்தப்பக்கம் தெரிந்தது. கீழே அறையிலிருந்து வெள்ளைச்சாமியின் குரல்: "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ..."

"ஹோல்டேன்!" என்று கத்தினேன்.

குரல் நின்றது. எல்லாமே நின்றது போலிருந்தது. படிகளில் இறங்கினேனா, உருண்டேனா, நினைவில்லை. அறைக்குள் போனால் பெட்டியில் விளக்கில்லை, சத்தமில்லை. வெள்ளைச்சாமி மைக்கைக் கையில் பிடித்தபடி, நடுரோட்டில் எஞ்சின் நின்றுபோன முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"யாருய்யா ஒன்னய அமுக்கச் சொன்னது?"

"நீதானய்யா ரைட் சொன்ன!"

"அது ஆச்சிக்குச் சொன்ன ரைட்டுய்யா!"

"ஆச்சிக்கு ஒரு ரைட்டு, எனக்கு ஒரு ரைட்டா? இத்தன வருஷம் ரைட்டுன்னா வண்டிய எடுத்தேன். இன்னிக்கு மட்டும் யாருக்குச் சொன்னேன்னு விசாரிச்சுட்டா எடுப்பாக?"

அந்த ஒரு சொல்லுக்கு அவர் கால் தானாக இறங்கும். இன்றைக்குக் காலுக்குப் பதில் கட்டைவிரல் இறங்கிவிட்டது.

ஏரியல் சரியில்லாமல் அமுக்கினால் அனுப்பும் சக்தி வெளியே போக வழியில்லாமல் பெட்டிக்கே திரும்பி அதைப் பொசுக்கும் என்று பாடத்தில் படித்திருந்தோம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு இருவரும் சரியான விடை எழுதியிருந்தோம்.

மின்சாரம் தரும் பெட்டியை அணைத்தேன். கொஞ்சம் பொறுத்துப் போட்டேன். விளக்கு வந்தது! ஸ்ஸ் என்று இரைச்சல் வந்தது, இரைச்சலுக்கு நடுவே யாரோ ஆங்கிலத்தில் பேசுவதும் வந்தது.

"பொழைச்சிருச்சு" என்றார் வெள்ளைச்சாமி.

"காது பொழைச்சிருக்கு. வாய் இருக்கான்னு அமுக்கிப் பாத்தாத்தான் தெரியும். பாதி வெந்திருந்தா, அந்த அமுக்குலயே மிச்சமும் போயிரும்."

ஆச்சி வெளியிலிருந்து குரல் கொடுத்தார்: "புதுக்கோட்டைக்குள்ள வந்துட்டாராம்!"

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அழகான யோசனை. குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "டிரைவரே, இதுக்கு மேல துணியப் போட்டு மூடிருவோம். சின்னப் பெட்டியில பேசிக் காட்டுவோம். சின்னத வாங்கிட்டுக் கெளம்பிருவோம். ஆச்சி ஒன்னும் பாக்கல."

"அப்ப இது?"

"திருச்சிக்காரருக்கு."

வெள்ளைச்சாமி என்னைப் பார்த்தார். செல்லாத நோட்டை நீட்டிய பயணியை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி. பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய், ஊரே கேட்கும்படி சொன்னார்:

"ஆச்சி, பெரிய பெட்டிய நான் தப்பா அமுக்கிப்புட்டேன். கெட்டுப்போச்சா இல்லியான்னு தெரியல. கெட்டிருந்தா அது எங்க தலையில. சின்னது திருச்சிக்காரருக்குப் போகட்டும்."

எனக்குக் குளத்தங்கரையும் அமெரிக்காவும் கண்ணுக்கு முன்னால் முழுகின.

ஆச்சி மிளகாய்த் தட்டோடு நிமிர்ந்தார். "கெட்டுப் போயிருந்தா அதக் கொண்டுபோய் என்ன செய்வீக? நீங்களும் ஷோகேஸ்ல வைக்கிறதுக்கா? மொத சொன்னதுதான். பேசுனா ஒன்னு. பேசலைன்னா ஒன்னுமில்ல." திரும்பி மிளகாயைப் பரப்பத் தொடங்கிவிட்டார்.

வெள்ளைச்சாமி அறைக்கு வந்ததும் என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாகக் கொப்புளம் எழும்பியிருந்தது.

"கம்பிய எதுலய்யா கட்டுன?"

"கிரில்லுல. நல்ல உறுதியா..."

"கிரில்லு இரும்புய்யா! இரும்பத் தொட்டா அது ஏரியலாய்யா?"

முற்றம் முழுக்க இரும்பு. செம்புக்கம்பியைத் தோலோடு தோலாக அதில் சுற்றி வைத்திருக்கிறேன். அவரை அவ்வளவு திட்டியதெல்லாம் என் பக்கம் திரும்பி வந்து உட்கார்ந்தது. என் ரைட் தப்பு. ரைட் சொல்லாமல் இருந்திருந்தாலும், அந்தக் கம்பியோடு எப்போது அமுக்கினாலும் இதே கதிதான்.

"திட்டறதப் பஸ்ஸுல வச்சுக்கலாம்" என்றேன். மறுபடி மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவரில் சுதையால் செய்த யானை ஒன்று தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கம்பி முனையில் நைலான் கயிற்றை முடிந்து, கயிற்றை யானையின் கழுத்தில் கட்டினேன். கம்பி கிரில்லுக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, எதையும் தொடாமல் தொங்கியது. இந்த முறை வாயைத் திறக்கவில்லை. உம்கூடச் சொல்லவில்லை.

இறங்கி வந்தபோது மைக் மேசைமேல் கிடந்தது. வெள்ளைச்சாமி கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் தொட மாட்டேன். நீ பேசு."

"திருமயம் வந்துட்டாராம்" என்றது ஆச்சியின் குரல். திருமயத்திலிருந்து இங்கே வர ஒரு வெற்றிலை போடும் நேரம்.

அமுக்கினேன். பெட்டியின் முகத்தில் ஊசி ஒன்று உண்டு. நான் பேசப் பேச அது எழுந்தது, விழுந்தது. வாய் இருக்கிறது! ஆனால் அந்த வாய் யார் காதிலாவது விழுகிறதா? லைசென்ஸோடு எனக்குக் கொடுத்த எழுத்துகளை, என் அழைப்புக்குறியைச் சொன்னேன், கேட்பவர் யாராவது பதில் சொல்லுங்கள் என்றேன், கையை எடுத்தேன். இரைச்சல். திரும்பச் சொன்னேன். இரைச்சல். மணமேல்குடியில் பஸ் புறப்படும்போது கடலில் நிற்கும் படகு வரைக்கும் கேட்கக் கூவிய தொண்டை இது. ஒருவருக்கும் கேட்கவில்லை.

தெருவில் கார் ஹாரன் அடித்தது.

வெள்ளைச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். நான் இன்னொரு தடவை கூப்பிட்டேன். கையை எடுத்தேன். கார்க் கதவு சாத்தும் சத்தம். இரைச்சலின் அடியிலிருந்து, கிணற்றுக்குள் யாரோ பேசுவதுபோல, மலையாளம் கலந்த ஆங்கிலம் மெல்ல எழுந்து வந்தது. என் அழைப்புக்குறியைத் தப்பில்லாமல், எழுத்து எழுத்தாகச் சொன்னது. பாலக்காட்டிலிருந்து பேசுகிறாராம். என் குரல் தெளிவாக, பலமாக வருகிறதாம். எந்த ஊர் என்று கேட்டார்.

பூமியை நாலு சுற்று சுற்றும் அத்தனை பேரோடு பேசிய நான், ஓர் ஆளிடம் "புதுக்கோட்டை" என்று சொல்ல மூன்று முறை முயன்றேன். வெள்ளைச்சாமி என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். வாசலில் ஆச்சி. அவர் பின்னால் கண்ணாடி போட்ட திருச்சிக்காரர், செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

பாலக்காட்டுக்காரரிடம் விடைபெற்று மைக்கை வைத்தேன்.

"பேசியாச்சு" என்றார் ஆச்சி. "எது வேணும், சொல்லுங்க."

வெள்ளைச்சாமி தரையைப் பார்த்தார். "கண்டக்டர் சொல்றதுதான். அவருக்குச் சின்னது மேலதான் ஆசை. அத எடுத்துக்கறோம்."

சொல்லிவிட்டாரே ஒழிய, அவர் கை மறுபடி பெரிய பெட்டியின் திருகுமேல் போயிருந்தது. மெல்லத் தடவிக்கொண்டிருந்தது, வண்டியை டெப்போவில் விட்டுவிட்டு இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் தடவுவாரே, அதே மாதிரி.

"பெருசு" என்றேன்.

திருச்சிக்காரர் பெருமூச்சு விட்டார். "அப்பாடா. நான் சின்னதுக்காகத்தாங்க வந்தேன். பெருச எங்க வீட்ல உள்ளயே விட மாட்டாங்க. ஆச்சி போன்ல சொன்னதும், வர்ற வழியெல்லாம் நீங்க சின்னத எடுத்துருவீங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

டிபன் பாக்ஸைப் பூப்போல எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

பஸ்ஸில் கூட்டம். பெரிய பெட்டி வெள்ளைச்சாமியின் மடியில், மின்சாரப் பெட்டி என் மடியில். நமணசமுத்திரம் வருவதற்குள் என் தொடை மரத்து, அது என் தொடையா பக்கத்து சீட்டுக்காரர் தொடையா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

"சின்னத எடுத்திருக்கலாம்யா" என்றேன்.

"வாயத் தெறக்காத" என்றார் வெள்ளைச்சாமி. "நாளைக்குப் பாலக்காட்டுக்காரர்ட்ட நான்தான் மொதல்ல பேசுவேன்."