துடைக்கப்படாத தகடு

...துடைத்துவிடுங்கள் என்றுதானே சொன்னார் அந்த மனிதர், பதினோரு வருஷத்துக்கு முன்னால், வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகள் அடுக்கிய இதே அறை வாசலில் நின்றுகொண்டு, கடிகாரச் சங்கிலியை விரலில் சுற்றியபடி, "மிஸ் பிங்கம், கண்ணாடியில நீங்க போட்ட மைக்குறியெல்லாம் துடைச்சிருங்க, தகட்டுல படம் சரியா விழுந்திருக்காது, இல்லேன்னா உங்க கண்ணு அசந்திருக்கும்"... கண் அசந்ததாம், யார் கண், லவீனியா பிங்கமின் கண்ணா, பதினாலாயிரம் நட்சத்திரங்களின் ஒளியை வகை பிரித்துக் கொடுத்த கண்ணா? இன்றைக்குக் காலையில் அதே வாய் என்ன சொல்லிற்று? ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார் பேராசிரியர் க்ரோவர், அவள் மேசைமேல் குனிந்தார், "மெல்லிய கோட்டு நட்சத்திரம்னு ஒண்ணு நம்ம அப்பவே கவனிச்சோமே, அதுக்குத் தகடு ஏதாச்சும் இருக்கா? மூணு மணிக்கு வானாய்வுக்கூடத்தப் பார்க்கப் பாஸ்டன்லேருந்து குழு வருது, காட்டணும்" என்றார். நம்மவாம், நம்ம கவனிச்சோமாம், அட வெட்கங்கெட்ட மனுஷா! அந்த 'நம்ம'வை மூன்று மணிக்கு எல்லார் முன்னாலும் அவர் தொண்டைக்குள்ளேயே திருப்பித் திணிக்காவிட்டால் தன் பெயர் லவீனியா இல்லை என்று அவள் முதல் அலமாரியின் கதவை இழுத்தாள், கதவு எப்போதும்போல முனகியது.

மணி ஒன்றரை. ஜன்னலில் மார்ச் மாத ஆலங்கட்டி மழை சடசடத்தது, காலையில் டிராமிலிருந்து இறங்கி மலையேறியபோது நனைந்த பாவாடை விளிம்பு இன்னும் காயவில்லை, காயாவிட்டால் போகட்டும். அவளுக்கு வேண்டியது ஒரு தகடு, துடைக்கப்படாத ஒரே ஒரு தகடு. அப்போது அவள் குறித்துவைத்த நோட்டுப்புத்தகம் இருக்கிறது, ஆனால் அது போதாது, நேற்று எழுதியதுதானே என்று க்ரோவர் கேட்டுவிடுவார். தகடு அப்படியில்லை, படம் விழுந்திருப்பது ஒரு பக்கம், வெறும் கண்ணாடி மறுபக்கம், அந்த வெறும் பக்கத்தில்தான் பார்த்தவர்கள் மையால் குறி போட்டுத் தேதியும் பெயரின் முதலெழுத்துகளும் எழுதுவார்கள், வேலை முடிந்ததும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிடுவார்கள், துடைத்தால் யார் பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சியே கிடையாது... அவளும் துடைத்தாள், சொன்னவுடனே, நாய்க்குட்டி மாதிரி, ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து. ஒன்றிரண்டாவது தப்பியிருக்காதா? பின்னால் கோரா டன்ஹாம் வேகவைத்த பீன்ஸைக் கிண்ணத்திலிருந்து சுரண்டித் தின்றுகொண்டே, "என்ன லவீனியா, அலமாரிய இந்தப் பாடு படுத்தற, க்ரோவரத்தான் உள்ள வச்சுப் பூட்டிட்டியா?" என்று சிரித்தாள். "பூட்டத்தான் போறேன், மூணு மணிக்கு." "அய்யோ, இந்த மூஞ்சியோட போகாத, குழுவுல ஒரு கிழவர் நெஞ்சப் புடிச்சுக்குவார். அது கிடக்கட்டும், அல்மைரா டட்டில் வெர்மான்ட்லேருந்து மறுபடி கடுதாசி போட்டிருக்கா, பள்ளிக்கூடத்துல இன்னும் பசங்களுக்குப் பின்னம்தான் சொல்லிக்கொடுக்கறாளாம், உன்னையும் கேட்டிருந்தா." "யாரு, எப்பவும் வயலெட் மையிலயே குறி போடுவாளே, அந்தப் பொண்ணா? பாவம், இங்க ஒரு வருஷம்கூடத் தாங்கல" என்று லவீனியா இரண்டாவது அலமாரிக்குப் போனாள்.

ஒரே நிறம், ஒரே வகை, கருங்கோடுகள் விழுகிற இடமும் ஒன்றே, இருந்தும் ஒரு நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்தெடுத்த நாடாவில் கோடுகள் புகைந்து பருத்திருக்கின்றன, இன்னொன்றில் ஊசியால் கீறியதுபோல மெல்லிசாக, சுத்தமாக... ஏன்? அந்த 'ஏன்'தான் அவளுடையது. பதில் அந்தக் கடிதக்காரனுடையது, அதை அவள் மறுக்கவில்லை, அவன் மெல்லிய கோட்டு நட்சத்திரங்களைத் தனியே பிரித்து, அவை வானத்தில் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்திருக்கிறான், அசையவே இல்லை, அப்படியானால் வெகு தொலைவு, அவ்வளவு தொலைவிலிருந்தும் இத்தனை பளிச்சென்று தெரிகிறதென்றால் அவை உண்மையில் எப்பேர்ப்பட்ட ஜோதி! பக்கத்து வீட்டு மேசைவிளக்கும் கடலுக்கு அப்பால் எரிகிற கலங்கரை விளக்கும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற மாதிரி, இதுவரை எல்லாரும் இரண்டையும் ஒன்றென்று எண்ணியிருந்தார்கள். கோட்டைப் பார்த்தே எது விளக்கு எது கலங்கரை என்று சொல்லிவிடலாம்! அச்சேறிய நட்சத்திரப் பட்டியலில் அவள் எழுதி, க்ரோவர் வெட்டியெறிந்த அந்த ஒரு பத்தி இருந்திருந்தால்... மூன்று மணிக்கு அவள் உட்காரமாட்டாள், தேநீர்க் கோப்பை எல்லார் கையிலும் வரட்டும், அப்புறம் தகட்டைக் குழுத்தலைவர் கையிலேயே கொடுப்பாள், "தேதியப் படிங்க ஐயா, சத்தமா, கீழே யார் பேர் இருக்குன்னும் படிங்க" என்பாள், க்ரோவரின் காது சிவப்பதைப் பார்ப்பாள், பிறகு மெதுவாக, மிக மெதுவாக, "இதைத்தான் கண்ணு அசந்ததுன்னு துடைக்கச் சொன்னார்" என்பாள். நினைக்க நினைக்க நாக்கில் தித்தித்தது.

மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு, உடைந்த தகடுகளோடு போட்டிருந்த ஒரு பெட்டி. உறைக்குள்ளிருந்து உருவும்போதே தெரிந்துவிட்டது, விரலில் மை தடுக்கியது, கிடைத்தது, கிடைத்தேவிட்டது, கடவுளே! மரச்சட்டத்தில் சாய்த்துவைத்தாள், கீழே வைத்திருந்த முகக்கண்ணாடி ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தை மேலே அனுப்பியது, உருப்பெருக்கியைக் கண்ணில் ஒட்டினாள். அன்ன மண்டலத்தின் வால்நுனியில் இருக்கும் நட்சத்திரம், அவள் பார்த்த அதேதான், ஊசிக்கோடுகள், பக்கத்தில் ஒரு சின்ன வளையம், ஒரு கேள்விக்குறி, 'கோடுகள் மட்டும் மெல்லியவை, ஏன்?' என்று எழுத்து... வயலெட் எழுத்து. தேதி அக்டோபர் மூன்று. அவளுடைய முதல் குறிப்பு அதற்கடுத்த பிப்ரவரியில்தான். கீழே ஏ.டி. மழை நின்றுவிட்டதா, இல்லை காது அடைத்துக்கொண்டதா? ஏ.டி., ஏ.டி., "மிஸ் பிங்கம், ஒரு நிமிஷம் இதைப் பாருங்களேன், இது மட்டும் வேற மாதிரி இருக்கு"... எங்கேயிருந்து வருகிறது இந்தக் குரல், விரலெல்லாம் மை, பத்தொன்பது வயசு, மூச்சு வாங்க ஓடிவந்து நின்ற அல்மைரா... தான் என்ன சொன்னோம்? அன்று நாற்பது தகடு பாக்கி, தலைவலி, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "தகட்டுல படம் சரியா விழுந்திருக்காது பொண்ணே, இல்லேன்னா உன் கண்ணு அசந்திருக்கும், துடைச்சிட்டு அடுத்ததப் பாரு."

கண்ணு அசந்திருக்கும். அச்சு மாறாமல். அப்படியானால் க்ரோவருக்கு அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தது யார்... புதுப்பெண்களைப் பற்றி வருஷக்கடைசியில் அவருக்கு எழுதித் தந்தது யார், 'டட்டில், கண் சீக்கிரம் அசந்துவிடுகிறது' என்று? பிப்ரவரியில் அந்தக் கோடுகளைப் பார்த்தபோது உண்மையிலேயே புதிதாகப் பார்த்தோமா, இல்லை எங்கோ கேட்டது உள்ளே கிடந்து முளைத்ததா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை, சத்தியம் செய்யவும் பயமாயிருந்தது. கை தானாகவே மேசையோரத்துப் புட்டியைத் திறந்து துணியை நனைத்திருந்தது, பதினோரு வருஷப் பழக்கம். துடைத்துவிட்டால் நோட்டுப்புத்தகம் மட்டும்தான் மிஞ்சும், அதில் அவளுடைய எல்.பி. மட்டும்தான் இருக்கும். "மிஸ் பிங்கம்!" க்ரோவரின் குரல் மாடிப்படியிலிருந்து வந்தது. "நம்ம தகடு கிடைச்சுதா?" "தேடிட்டிருக்கேன், சார்" என்று சொன்னாள், அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு சாதாரணமாக. கோரா நிமிர்ந்து பார்த்தாள். துணியிலிருந்து ஆல்கஹால் சில்லென்று விரல்களில் ஏறியது, அவள் வாய்க்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், இதைத்தான் கண்ணு அசந்ததுன்னு துடைக்கச் சொன்னார்... அல்மைராவின் வாயிலும் அது ஒரு சொல்லும் பிசகாமல் பொருந்தியது.