அக்காவின் கொழுப்பு

என் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. சின்ன வயதிலிருந்தே பருமன். ஆபீசில் அவளுக்கு 'பீரோ' என்று பேர். யாரோ கேலியாக வைத்ததை அவளே எடுத்துக்கொண்டாள். என்னைப் போனில் கூப்பிட்டால்கூட, "பீரோ பேசறேன்" என்பாள். அம்மாவுக்கு அதைக் கேட்டால் ஆகாது. ஆனால் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவளைக் குத்திக் காட்டுவதில் அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. அக்கா சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள்.

அப்போது நான் ஒரு ஆஸ்பத்திரியின் மாடியில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கண்ணை மூடினால் அந்த அறை இன்றைக்கும் தெரிகிறது. ஜன்னலோரம் முணுமுணுத்துக்கொண்டே ஆடும் வெந்நீர்த் தொட்டி, கழுவிக் கவிழ்த்த பிளாஸ்டிக் குழாய்கள், எங்கள் தலைவர் குடிக்க மறந்து ஆறிப்போன காபி. அவரை எல்லாரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் வேலை கொழுப்புச் செல்களோடு. ஒல்லியானவர்களின் கொழுப்புச் செல்மேல் இன்சுலின் விட்டால், உள்ளே சும்மா கிடக்கும் ஒரு என்சைம் விழித்துக்கொண்டு சர்க்கரையைக் கவனிக்கத் தொடங்கும். அப்போது வெளிவரும் வாயுவை அளந்தால், அது எவ்வளவு விழித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பருமனானவர்களின் செல்லில் அந்த என்சைம் லேசில் அசைவதில்லை. ஏன் என்பதுதான் சாரின் கேள்வி. அதைப் பார்க்க ஆபரேஷனில் எடுத்த கொழுப்பு வேண்டும். கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் வந்து, வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்கள். நான் அவளிடம் வாயே திறக்கவில்லை. அவளாகத்தான் கேட்டாள்.

"ஊர்ல யார் யார்கிட்டயோ கேக்கறே. என் கொழுப்பு மட்டும் மட்டமா?"

"உனக்குக் கொழுப்பு ஜாஸ்திதான்" என்றேன்.

"அதான் எல்லாருக்கும் தெரியுமே. நீ அளந்து சொல்லு."

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் வெதுவெதுப்பான உப்புநீர் பிளாஸ்க்கோடு நின்றேன். பக்கத்து பெஞ்சில் அம்மா. கதவு திறந்து, நர்ஸ் ஒரு சின்னக் குப்பியை நீட்டினாள். உள்ளே சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள். அக்கா இன்னும் மயக்கத்தில்தான் இருக்கிறாள் என்றாள். அவள் கண் விழிக்கும்வரை இருக்கவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் சூடு ஆறினால் செல் செத்துவிடும். குப்பியை உப்புநீரில் இறக்கி, பிளாஸ்க்கைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். கூடப்பிறந்தவளை விட்டுவிட்டு அவள் கொழுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாளே என்று அம்மா அதற்கப்புறம் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்சுலின் விட்ட குழாய்க்கும் விடாத குழாய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு ஆளை வைத்து எதையும் முடிவு கட்டாதே என்று சார் எச்சரித்தார். நான் நேரே வார்டுக்குப் போனேன்.

அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதாவது, மணி அடிக்குது. உள்ள யாரும் எடுக்கலை. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

 பிறகு, தான் சாப்பிட்டதால் இப்படி ஆனதா, இப்படி இருப்பதால் உடம்பு ஏறியதா என்று கேட்டாள். பருமனானவர்களுக்குச் செல் உப்பியிருக்கிறது, என்சைம் மந்தமாக இருக்கிறது, அதுவரைதான் தெரியும், இதில் எது முதலில் வந்தது என்று எங்களுக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்று நான் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அவள் உடம்பைப் பற்றி அதுவரை தெரியாது என்று சொன்னவர்களே இல்லை.

"இளைச்சா மறுபடி எடுக்குமா?"

"எடுக்கலாம்னு சார் நினைக்கறார். யாரும் பாத்ததில்லை."

"அப்ப என்னை வெச்சே பாத்துடு."

தையல் ஆறியதும் நடக்க ஆரம்பித்தோம். அவள் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு நான் எக்ஸ்சேஞ்ச் வாசலில் போய் நிற்பேன். ரயில் பாதையை ஒட்டிய சாலையில் போய், மேம்பாலத்தைச் சுற்றி வீடு திரும்புவோம். முதலில் பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கும், பேச்சே வராது. போகப்போகப் பேச்சுதான் நிற்கவில்லை. லைனில் கேட்ட சண்டைகளை, சமாதானங்களை, பேர் சொல்லாமல் குரல் மாற்றி நடித்துக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து நான் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரே வீட்டில் வளர்ந்தும் அவளோடு அவ்வளவு பேசியது அந்த வருஷம்தான்.

அடுத்த வருஷம், புடவைக்குப் புது ரவிக்கைகள் தைக்க வேண்டிய அளவுக்கு இளைத்திருந்தாள். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, வயிற்றிலிருந்து சிறிது கொழுப்பை இழுத்துக் கொடுத்தார். இந்த முறை அக்காவும் என்னோடு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்சைம் விழித்தது. ஒல்லியானவர்களின் அளவுக்கு இல்லை; ஆனால் விழித்தது. சார் கணக்கைத் தானே மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மிச்சமிருந்த செல்லில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து அவளைக் கூப்பிட்டேன். முதல் தடவையைவிடச் செல்கள் சின்னதாக இருப்பதைக் காட்டத்தான். அவள் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். வட்ட வட்டமாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, விளிம்பெல்லாம் வெளிச்சமாக மிதந்துகொண்டிருந்தன.

"இதுவா நான்?" என்றாள். நிமிராமலே, "அழகா இருக்குடி" என்றாள்.

 அவள் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

சில மாதத்தில் அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அங்கே எடை கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. அவளும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் வேலை முடிந்து எக்ஸ்சேஞ்ச் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்குப் போவது பழக வெகுநாள் ஆயிற்று.