பொம்மைக் காட்டில் தீ

டேரில் ஹூடாக் மான் வேட்டைக்குப் போய்விட்டான். தொழிற்சாலையின் பின்கட்டில் அரவை மெஷினோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதாக அவனுடைய அக்கா லோரெட்டா விடிந்ததிலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேட்டை தொடங்குகிற திங்கட்கிழமை. அன்றைக்குப் பென்சில்வேனியா மலைப்பக்கம் பள்ளிக்கூடமே கிடையாது; பாதிரியார்கூடத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார். ஆனால் வீட்டில் பொம்மை ரயில் ஓட்டி விளையாடுகிற பெரிய மனிதர்களுக்குக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைப் புல்லும் புதரும் போய்ச் சேர்ந்தாக வேண்டுமாம். சுற்றிலும் மலை மலையாக நிஜ மரம் நிற்க, விரல் உயர மரம் செய்து விற்றே பணக்காரனான முதலாளி, "இந்த வருஷம் லீவு கெடையாது. வராதவன் அப்பிடியே வீட்டோட இருந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான். சொன்னவன் தான் மட்டும் ஜோராகக் காட்டுக்குப் போய்விட்டான்.

டேரில் ஏற்கெனவே மட்டம் போட்டு இரண்டு தடவை மாட்டியவன். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். வீட்டில் பெண்டாட்டி மாசமாக இருந்தாள்.

"லோரி, மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். என் மெஷினையும் நீ பாத்துக்க மாட்டியா?" என்று முந்தின நாள் வந்து நின்றான்.

"சுட்டா தொடைக்கறி எனக்கு. சுடலேன்னா உன் தொடைய வெட்டிக்குவேன்" என்றாள் லோரெட்டா. அவன் கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. அதுதான் அவளுடைய கோளாறு.

சாயம் ஏற்றிய நுரைப்பஞ்சை அந்த மெஷின் பொடியாக அரைக்கும். அந்தப் பொடிதான் பொம்மை ரயிலுக்குப் புல், இலை, எல்லாம். பஞ்சு கட்டியாகப் போனால் மெஷின் சிக்கிக்கொள்ளும். மெஷினைச் சுழற்றுகிற பட்டை வெறுமனே உராய்ந்து சூடேறும். அதனால் பக்கத்திலேயே ஒரு ஆள் நின்றாக வேண்டும். லோரெட்டாவோ முன்கட்டில் பை கட்டுவதும், பின்கட்டுக்கு ஓடி ஒரு வாய் பஞ்சு போடுவதும், திரும்ப ஓடி வருவதுமாக இருந்தாள். டேரிலின் ஜாக்கெட்டை ஆணியில் மாட்டியிருந்தாள். அவனுடைய ரேடியோவையும் அலறவிட்டிருந்தாள்.

சூப்பர்வைசர் வெர்ன் ஸ்டாஃபர் வந்து எட்டிப் பார்த்தான். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். "எங்க உன் தம்பி?"

"கக்கூஸ்ல. விருந்துல மிச்சமான வான்கோழிய நேத்து வரைக்கும் தின்னான். வயிறு கலக்குது."

"காலைலயும் அதத்தான சொன்ன?"

"கலக்கினா ஒரு தடவையோட நிக்குமா? வேணும்னா போய்க் கதவத் தட்டிப் பாரு."

வெர்ன் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பக்கத்து மேஜை பெர்னிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் பைகளுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

மத்தியானம் நெருங்கும்போது லோரெட்டா அவசரத்தில் ஒரு தடித்த துண்டைத் திணித்துவிட்டு ஓடி வந்தாள். லாரிக்காரன் வந்து கத்திக்கொண்டிருந்ததால் திரும்பிப் போக நேரமாகிவிட்டது. பின்கட்டில் சிக்கிக்கொண்ட மெஷினுக்குள் பொடி சூடேறிப் பற்றி, மூட்டை விழுந்த மாதிரி சத்தத்தோடு வெடித்தது. அந்த அதிர்வில் உத்தரங்களின் மேல் வருஷக்கணக்காகப் படிந்திருந்த பச்சைத் தூசி முழுக்கப் பொலபொலவென்று இறங்கியது. இறங்கின தூசி அந்தரத்திலேயே பற்றிக்கொண்டது.

இரண்டாவது வெடியில் நடுச்சுவர் செங்கல் செங்கலாகப் பறந்தது. ஒரு செங்கல் லாரிக்காரனின் தாடையைப் பெயர்த்தது. பரணில் அடுக்கியிருந்த நுரைப்பஞ்சு உருகி, எரிகிற சொட்டுகளாகக் கீழே கொட்டியது. விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. தட்டினால் தோலோடு வந்தது. பெர்னிஸின் தலைமுடி ஒரே மூச்சில் பொசுங்கிப்போனது. லோரெட்டா அவளை இடுப்பில் பிடித்து, மேஜைகளை உதைத்துத் தள்ளி, ஜன்னல் வழியாகச் சரளைக்கல் மேல் எறிந்துவிட்டுத் தானும் குதித்தாள். அவளுடைய ஒரு காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

வெளியே வெர்ன் தலைகளை எண்ணினான். எல்லோரும் இருந்தார்கள், டேரிலைத் தவிர. உள்ளே போக, தன் கோட்டைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டான்.

"அவன் உள்ள இல்ல வெர்ன்" என்றாள் லோரெட்டா.

"காலைலேர்ந்து உள்ள இருக்கான்னு நீதான சொன்ன?"

"பொய். மான் சுடப் போயிட்டான். மெஷின நான்தான் ஓட்டினேன்."

வெர்ன் அவள் காது ரத்தத்தைப் பார்த்தான். "உனக்கு அடிபட்டிருக்கு லோரி. என்ன பேசறேன்னு தெரியாமப் பேசற. அவன் ஜாக்கெட்ட நானே பாத்தேன். உக்காரு."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், கையைக் கடித்தாள். அவன் உதறிவிட்டு வாசலை நோக்கி ஓடினான். பொய்யை அத்தனை நன்றாகச் சொன்னதற்குத் தன் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. சுவரில் பனி அள்ளுகிற மண்வெட்டி சாய்ந்திருந்தது. அதை எடுத்து, ஓடுகிறவனின் முழங்காலில் வெறி பிடித்தவள் மாதிரி அடித்தாள். எலும்பு முறிந்தது அவளுக்கே கேட்டது. விழுந்தவன் தவழப் பார்க்கவும், தோளில் இன்னொரு அடி போட்டாள். அதற்குள் வாசல் நிலையே உள்பக்கமாகச் சரிந்து தீக்குள் போனது.

"நாசமாப் போறவளே, உன் தம்பிடீ" என்று வெர்ன் வலியில் அழுதான்.

"அவன் இல்லடா. சத்தியமா இல்ல" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியும் அந்த அழுகையில் இருந்தது.

ஊரில் தீயணைக்கிறவர்கள் அத்தனை பேரும் அன்றைக்குக் காட்டில் இருந்ததால் பக்கத்து ஊர் வண்டிதான் வந்தது. அதில் மூன்று கிழவர்கள். வண்டி பின்பக்கத்து மலைச்சாலை வழியாகச் சுற்றி வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் இறங்கி, தடுமாறிக்கொண்டே இவர்களிடம் ஓடி வந்தார்.

"உங்கள்ல லோரி யாரு?"

அவர் கட்டடத்தின் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"பின்வாசல்ல ஒரு பிக்கப் வண்டி நிக்குது. பின்னாடி மான் கெடக்கு. ஓட்டிட்டு வந்தவன் லோரி, லோரின்னு கத்திக்கிட்டே உள்ள பூந்துட்டான். எங்களால பிடிக்க முடியல. அந்தப் பொண்ணு வெளிய வந்துடுச்சா?"

லோரெட்டா எழுந்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் வெர்ன் தரையில் கிடந்தபடியே அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டான். அவள் குப்புற விழுந்தாள். திரும்பி அவன் முகத்தில் காலால் உதைத்தாள். மூக்கு உடைந்தது, பல் தெறித்தது.

"விடுடா. என்னத்தான் தேடறான். நான் இங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரியாதுடா. விடுடா."

கூரை பின்கட்டிலிருந்து முன்கட்டு வரைக்கும் வரிசையாக இறங்கியது. அவள் உதைத்துக்கொண்டே இருந்தாள். ரத்தத்தை விழுங்கிக்கொண்டே வெர்ன் அந்தக் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான்.