ஒன்பது கிலோ

கீழே வேன் மூன்றாவது முறை ஹாரன் அடித்தபோது, லிஃப்ட் மெக்கானிக் குளியலறை வாசலில் மண்டியிட்டு, டூத்பிரஷ்ஷின் கைப்பிடியை ஆக்சா பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார். பிளேடு வழுக்கியது. பிரஷ் பறந்துபோய் வாஷிங் மெஷினுக்கு அடியில் புகுந்தது. தரையோடு கன்னத்தை வைத்துக் கையை விட்டுத் துழாவினார். இடது முழங்கால் கடக்கென்றது. யாரோ பக்கத்து வீட்டில் சத்தம் போட்ட மாதிரி அதைக் காதில் வாங்காமல் இருந்துவிட்டார்.

இன்று காலை மலையேற்றப் பையின் கணக்கில் நூறு கிராம் கூடிவிட்டது. காரணம் யாரென்று அவருக்குத் தெரியும். ராத்திரி அவர் தூங்கிய பிறகு பையைத் திறந்து ஒரு தைலப் புட்டியும் ஒரு ஜோடி சாக்ஸும் செருகியவள், இப்போது கதவில் சாய்ந்து காபி குடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தைலத்தை வெளியே எடுத்தால் ஒரு வாரத்துக்கு வீட்டில் பேச்சு இருக்காது. அதனால் சட்டைகளின் கழுத்து லேபிள்கள் போயின. டூத்பிரஷ் பாதியானது. சோப்பும் கத்தியால் பாதியானது. கடைசியில் சீப்பும் வெளியே வந்தது. அது போனதில் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை, தலையில் சீவ அதிகமில்லை.

"இந்த வீட்டுல எனக்கு ஒரு சக்களத்தி வந்து நாலு வருஷம் ஆச்சு," என்றாள் மனைவி. "அவளுக்கு அறுபது லிட்டராம். நானாவது பரவாயில்ல, என்னைத் தூக்கிக்கிட்டு நீங்க படியேறினதில்ல."

அவள் சொன்னதில் தப்பில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், ரிட்டயர் ஆவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்தப் பை முதலில் வந்தது. அதன் பின்னாலேயே குடும்பம் மாதிரி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஹாலில் இரண்டு நாள் நின்ற டென்ட்டின் மேல் அவள் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டாள். உறைபனியிலும் குளிராது என்ற தூக்கப்பையை அவர் கோடை மத்தியானத்தில் சோதித்துப் பார்த்து, வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி வெளியே வந்தார். கையளவு ஸ்டவ்வை பால்கனியில் பற்றவைத்ததில் மாடி வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். நெற்றியில் கட்டும் விளக்கு மட்டும் நன்றாக உழைத்தது, கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரைகளைத் தேடுவதற்கு. வேலை நாட்களில் முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட்டின் இருட்டுக் குழிக்குள் நின்று மேலே பார்த்த மனுஷன், ஒரு தடவையாவது உச்சியில் நின்று கீழே பார்க்க ஆசைப்பட்டார். இதில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று அவர் கேட்டதுண்டு. மகள் போனில் சிரித்தாள். மருமகன் சிரிக்கவில்லை, ஆனால் மரியாதைக்காகத்தான் சிரிக்கவில்லை என்பது தெரிந்தது.

மலையேறும் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை பதினோரு நாள் பயணம் போகும். பெரிய கணவாயைக் கடக்கும் பயணம். அறுபதைத் தாண்டியவர்கள் முதலில் ஒரு பரீட்சை தேற வேண்டும். ஒன்பது கிலோவுக்குக் குறையாத பையோடு, காலை எட்டு மணிக்கு அடிவாரத்தில் கிளம்பி, பன்னிரண்டு மணிக்குள் மேல் குடிலை அடைய வேண்டும். அறுபத்துமூன்று வயது ஆகிவிட்டால் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. அவருக்கு அடுத்த மாதம் அறுபத்துமூன்று. இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை.

போன வருஷம் விட்டிருந்தார். மூன்றாவது மணி நேரத்தில், ஒரு பிளந்த பாறைக்குப் பக்கத்தில் முழங்கால் வேலைநிறுத்தம் செய்தது. யாரோ அவருடைய பையை வாங்கிக்கொண்டார்கள். ஜீப்பில் இரண்டு காலி கேஸ் சிலிண்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து இறங்கினார். வழியெல்லாம் சிலிண்டர்கள் அவரை இடித்துக்கொண்டே வந்தன. அதற்குப் பிறகு பார்த்த பிசியோதெரபி பெண், ஒன்பது கிலோவுக்கு மேல் ஒரு கிராம் தூக்கினாலும் மூட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டாள். சங்கம் ஒன்பதுக்குக் குறையக் கூடாது என்கிறது, இவள் ஒன்பதுக்குக் கூடக் கூடாது என்கிறாள். அந்தக் கோட்டின் மேல்தான் பதினான்கு மாதமாக நடந்துகொண்டிருந்தார்.

நடந்தது என்பதைவிட ஏறியது என்பதுதான் சரி. தினமும் காலை, முதுகில் பையோடு, பதினோரு மாடிக் கட்டடத்தில் நாலு தடவை. கூப்பிட்டவுடன் வந்து நிற்கும் லிஃப்ட்டை, தன் கையால் எண்ணெய் போட்டு வளர்த்த லிஃப்ட்டை, பக்கத்திலேயே விட்டுவிட்டு அவர் படியேறுவதைப் பார்த்து ஐந்தாம் மாடி அம்மாள் லிஃப்ட்டில் ஏறுவதையே நிறுத்திவிட்டாள். எண்ணெய் போட்டவருக்கே நம்பிக்கை இல்லாத வண்டி என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவளைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் அவளோடு ஏறி இறங்க வேண்டியிருந்தது.

ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பையை ஒன்பது கிலோவுக்குச் சரிபார்த்து வைத்தார். ஆனால் மாதம் ஏற ஏற அந்த ஒன்பது கிலோ கனத்துக்கொண்டே போனது. முதல் மாதம் விளையாட்டுப் பிள்ளையைத் தூக்கின மாதிரி இருந்தது, பத்தாவது மாதம் கல்யாண வயதுப் பிள்ளையைத் தூக்கின மாதிரி ஆனது. தோள்பட்டை வாரை இழுத்தார், தளர்த்தினார், இடுப்புப் பட்டையை மாற்றினார். எதுவும் பலிக்கவில்லை. சரக்கு அதே சரக்கு, தூக்குகிறவன்தான் நாளுக்கு நாள் தேய்கிறான் என்று முடிவுக்கு வந்தார். கண்ணாடியில் பார்த்தால் கன்னம்கூட ஒட்டிப்போயிருந்தது. வயசு. வேறென்ன.

"போங்க," என்றாள் மனைவி, பையைத் தூக்கி மாட்ட உதவியபடி. சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "ஜீப்புல இறங்கி வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

வேனில் ஒன்பது பேர் இருந்தார்கள். பரீட்சைக்காரர்கள் இரண்டே பேர், இவரும் ஒரு பல் டாக்டரும். டாக்டரின் கைத்தடிகள் இறகு மாதிரி இருந்தன. அவற்றின் விலையை யாரும் கேட்காமலே சொன்னார். முன்சீட்டில் சங்கத் தலைவி, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். கழுத்தில் இன்னும் விசில். பையை மேலே போன பிறகுதான் எடை போடுவேன் என்று அவர் விளக்கினார். கீழேயே போட்டால், வழியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஏறுகிற மகான்கள் இருக்கிறார்களாம். மேலே போட ஆரம்பித்த பிறகு, கடைசித் திருப்பத்தில் பைக்குள் கல்லைப் போட்டுக்கொள்கிற மகான்கள் முளைத்தார்களாம். "அவங்களையும் எனக்குத் தெரியும்," என்றார்.

எட்டு மணிக்கு விசில் ஊதியது. முதல் மணி நேரம் பைன் மரங்களுக்கு நடுவே மண் பாதை, காலுக்கு இதமாக இருந்தது. இரண்டாவது மணி நேரம் மரங்கள் பின்தங்கிவிட்டன. வெயிலும் காற்றும் முகத்தில் மாறி மாறி அறைந்தன. அவர் மலையைப் பார்க்கவில்லை. மலையைப் பதினோரு பதினோரு மாடிகளாக வெட்டி வைத்திருந்தார். ஒரு கட்டடம் முடிந்ததும் அடுத்த கட்டடம். மூச்சை எண்ணினார், மாடியை எண்ணினார், ஐந்தாம் மாடி வந்தபோதெல்லாம் அந்த அம்மாளுக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் சொன்னார்.

பிளந்த பாறை அதே இடத்தில் காத்திருந்தது. இடது முழங்காலும் ஞாபகம் வைத்திருந்தது. பாறையைத் தொட்ட நிமிஷம் உள்ளே யாரோ ஆணியைத் திருகினார்கள். அவர் நின்றார். மணி பத்தே முக்கால். பல் டாக்டர் பின்னாலிருந்து வந்து, வலி தெரிந்த முகத்தைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லாத குறையாகக் குனிந்து விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டென்ட்டை மட்டும் எங்கிட்ட குடுங்க சார். குடில் வர்றதுக்கு முன்னாடி திருப்பித் தந்துடறேன். டீச்சருக்குக் கண்ணு ரெண்டுதான்."

நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணமில்லை. கை தானாகவே பையின் வாருக்குப் போனது. டென்ட் போனால் இரண்டு கிலோ போகும். இரண்டு கிலோ போனால் ஆணி கழன்றுவிடும். மேலே போய்ச் சேரலாம், பெயர் பதிவாகும், கணவாயைக் கடக்கலாம். கடந்த பிறகு உச்சியில் நின்று கீழே பார்க்கும்போது இந்தப் பாறையும் கண்ணில் படும்.

"வேண்டாம் டாக்டர்," என்றார். "இது என் பல்லு. ஆடினாலும் நானே வெச்சுக்கறேன்."

அதற்குப் பிறகு நடந்ததை அவரால் வரிசையாகச் சொல்ல முடியாது. காலை நேராக வைக்காமல் பக்கவாட்டில் வைத்து ஏறினார். வலது காலுக்கு இரண்டு படி, இடது காலுக்கு ஒன்று. ஒரு இடத்தில் கையையும் ஊன்றினார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டி பூட்ஸில் விழுந்தது. ஒன்பது கிலோ, வெறும் ஒன்பது கிலோ, ஒரு ஸ்கூல் பையன் தூக்குகிற கனம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். அவமானம் ஒரு பெட்ரோல். குடிலின் தகரக் கூரை கண்ணில் பட்டபோது, கால் இரண்டும் வேறு யாருடையவோ போல ஓடின. உண்மையாகவே ஓடின. வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

டீச்சர் கைதட்டவில்லை. முதலில் டாக்டரின் பையை உத்தரத்தில் தொங்கிய தராசுக் கொக்கியில் மாட்டினார். ஒன்பது கிலோ இருநூறு. நோட்டில் எழுதினார். அடுத்து மெக்கானிக்கின் பை. முள்ளைப் பார்த்தார். கழற்றினார், தராசை விரலால் தட்டினார், மறுபடி மாட்டினார். முகம் இறுகியது.

"கல்லை வெளிய எடுங்க சார்."

"என்ன டீச்சர்?"

"பதிமூணு கிலோ நானூறு காட்டுது. கொஞ்சம் அளவாவது போட்டிருக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் பூட்ஸைப் பார்த்தார்கள். அவருக்குக் காது சூடேறியது. ஏறி வந்த நாலு மணி நேரமும், பதினான்கு மாதமும், அந்த ஒரு வார்த்தையில் தகரக் கூரையிலிருந்து சரிந்து விழுந்தன. பையைக் கவிழ்த்தார். டென்ட், தூக்கப்பை, ஸ்டவ், பாத்திரம், கயிறு, மழைக்கோட்டு, துணிகள், உலர் உணவுப் பொட்டலங்கள் எல்லாம் மேஜையில் பரவின. டீச்சர் தூக்கப்பைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்த்தார். டென்ட்டை விரித்து உதறினார். ஒரு கூழாங்கல்கூட விழவில்லை. எல்லாவற்றையும் திரும்ப அடைத்துத் தூக்கினார்கள். பதிமூன்று கிலோ நானூறு. பல் டாக்டர் அந்தப் பையை ஒரு கையால் நகர்த்தப் பார்த்து, நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்தார்.

டீச்சரின் குரல் மாறியிருந்தது. வீட்டில் எப்படி எடை போட்டீர்கள் என்று கேட்டார்.

அதில் என்ன இருக்கிறது என்று அவர் சொன்னார். பை தனியாக நின்றால் குளியலறை மெஷின் சரியாகக் காட்டாது. அதனால் பையை மாட்டிக்கொண்டு அவரே அதன் மேல் ஏறி நிற்பார். மொத்தம் தொண்ணூறு காட்ட வேண்டும். அதில் அவர் எண்பத்தொன்று, மிச்சம் ஒன்பது பை. குறைந்தால் எதையாவது சேர்ப்பார், கூடினால் எதையாவது எடுப்பார். குறைவதுதான் அதிகம்.

"அந்த எண்பத்தொண்ணு எப்ப எடுத்தது?"

"ஆரம்பிச்ச அன்னைக்கு. பதினாலு மாசம் ஆச்சு." டீச்சர் பார்த்த பார்வையில் அவருக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. "லிஃப்ட்டுல காலி கேபின் எடையை ஒரே ஒரு தடவைதான் டீச்சர் எடுப்போம். அதைச் சுவத்துல எழுதிடுவோம். அது மாறவே மாறாது."

"கேபின் மாடிப்படி ஏறி நான் பார்த்ததில்ல சார்."

குடிலின் பின்பக்கம் மூட்டைகள் நிறுக்கும் பலகைத் தராசு ஒன்று இருந்தது. டீச்சர் அதன் மேலிருந்த அரிசிச் சாக்கைத் தானே இழுத்துக் கீழே போட்டார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். அவர் சாக்ஸோடு பலகையில் ஏறி, கேபினுக்குள் நிற்கிறவர் போல நிமிர்ந்து நின்றார். கதவுக்கு வெளியே மலை முழுவதும் வெயிலில் கிடந்தது, அதற்கு அப்பால் கணவாய் வெள்ளையாகத் தெரிந்தது. தோளுக்கு மேலாக எட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. முள் எழுபதைத் தாண்டியது, கொஞ்சம் நடுங்கியது, எண்பத்தொன்றுக்கு வெகு முன்னாலேயே ஏறுவதை நிறுத்திக்கொண்டு, எழுபத்தாறு கிலோ அறுநூற்றில் அசையாமல் நின்றது.